அவனில் (oven) வைத்ததும் மக்கரோனி சீஸில் எண்ணெய் பிரிவது ஏன்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பக்கம் இருப்பதாகவும், மேசை அவனில் மக்கரோனி சீஸ் வைத்தால் மேலே எண்ணெய் மிதந்து, அடியில் மணல் மாதிரி ஆகிவிடுவதாகவும் கேட்டிருக்கிறீர்கள்.

கோளாறு அவனில் இல்லை, சூட்டில்தான். செடார் சீஸில் கொழுப்பைப் பிடித்து வைத்திருப்பது புரதம். கொதிக்கிற பாலில் சீஸைப் போட்டால் புரதம் இறுகி, கொழுப்பை வெளியே தள்ளிவிடும். மாவு கரைத்த பால் அதைத் தடுக்கும்.

250 கிராம் மக்கரோனிக்கு 40 கிராம் பட்டர், 40 கிராம் கோதுமை மாவு. பட்டர் உருகியதும் மாவைப் போட்டுப் பச்சை வாசனை போக வதக்குங்கள், சிவக்கக் கூடாது. 600 மில்லி பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிண்டுங்கள். பசும்பால் கிடைக்காவிட்டால் தே சி என்னும் பால் தேநீருக்கு ஊற்றும் சீனி இல்லாத டின் பால் பாதி, தண்ணீர் பாதி. (எனக்கு இதுதான் பிடிக்கும்.) கரண்டியின் பின்புறம் விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். அப்போது அடுப்பை அணைத்து, ஒரு நிமிடம் விட்டு, துருவிய செடார் 200 கிராம் சேருங்கள். கூடவே கடையில் விற்கும் பதப்படுத்திய சீஸ் (processed cheese) துண்டு இரண்டு. அதிலுள்ள உப்பு வகைகள் கொழுப்பைப் பிரிய விடாது.

மக்கரோனியை பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே வடித்து, சீஸ் குழம்பில் கலந்துவிடுங்கள். குழம்பு தளதளவென்று இருக்கட்டும், அவனில் இறுகிவிடும். மேலே நொறுக்கிய கிரீம் கிராக்கர். 180 டிகிரியில் 20 நிமிடம் போதும். சின்ன அவனில் மேல் கம்பி பக்கத்திலேயே இருப்பதால் கீழ்த்தட்டில் வையுங்கள்.