பேரணிக்கு அனுமதி எடுத்துத் தருபவரிடம் காசைக் கொடுக்காதீர்கள்

கேள்வி: யாழ்ப்பாணம் வடமராட்சியில் ஒரு கடற்றொழிலாளர் சங்கத்தின் செயலாளர் நான். இழுவைமடிப் படகுகள் எங்கள் வலைகளை அறுத்துக்கொண்டு போவதைக் கண்டித்து, ஒரு வேலை நாளில் நல்லூரிலிருந்து கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) அமைதிப் பேரணி போய் மகஜர் கொடுக்க இருக்கிறோம். வலிகாமம், தீவகம் எல்லாம் சேர்ந்து 5000 பேர் வரலாம். பொலிஸ், மாநகர சபை, ஆஸ்பத்திரி, பஸ்காரர் என்று யாரிடம் எதைக் கேட்பது என்று விளங்கவில்லை. ஒருவர் எல்லா அனுமதியும் தானே எடுத்துத் தருவதாகச் சொல்லி 75,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? வாகன நெரிசலைக் காரணம் காட்டி எங்களைத் தடுத்துவிடுவார்களோ என்பதுதான் பெரிய பயம்.

பதில்: கொடுக்க வேண்டாம். அவர் விற்க வரும் பொருள் சட்டத்திலேயே இல்லை.

பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77ஆம் பிரிவு உங்களிடம் கேட்பது ஒரு முன்னறிவித்தல் மட்டும்தான். ஊர்வலம் புறப்படும் இடத்துக்கு மிக அருகில் உள்ள பொலிஸ் நிலையத்தின் பொறுப்பதிகாரிக்கு, புறப்படுவதற்குக் குறைந்தது 6 மணித்தியாலத்துக்கு முன்னர் தெரிவிக்க வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. அமைதியாகக் கூடும் உரிமை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையில் இருக்கிறது. பொது ஒழுங்குக்காக ஊர்வலத்தைத் தடை செய்யவும், பாதை, கொடி, பதாகை பற்றி நிபந்தனை போடவும் உதவி பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. அந்த அதிகாரிக்கும் உங்களுக்கும் நடுவில் நிற்க இந்த 75,000 ரூபாய்க்காரருக்கு எந்த இடமும் இல்லை. அவர் செய்யப்போவதெல்லாம் உங்கள் பெயரில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு, அதன் போட்டோக்கொப்பியை உங்களிடம் அனுமதி என்று நீட்டுவதுதான். அன்றைக்கு ஏதாவது பிசகினால் கடிதத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து. அவருடைய தொலைபேசி நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும்.

6 மணித்தியாலம் என்பது சட்டத்தின் அடிமட்டம். 5000 பேருக்கு அது போதாது. பத்து நாட்களுக்கு முன்னரே கொடுத்துவிடுங்கள். தமிழில் எழுதுங்கள், இந்த மாகாணத்தின் நிர்வாக மொழி தமிழ்தான். சிங்களப் பிரதி ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தால் கடிதம் மேசையில் தூங்காது. அதையும் ஒரு தொழிலாக்கி, ஒரு பக்கத்துக்கு ஆயிரக்கணக்கில் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் சிங்களம் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தேநீர் குடித்து முடிப்பதற்குள் எழுதித் தந்துவிடுவார். கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரையும் கையொப்பமும் வாங்காமல் நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள். "பிறகு அனுப்பி வைக்கிறோம், போங்கோ" என்றால் வாங்கில் உட்கார்ந்திருங்கள்.

இனி உங்கள் பயம். பொலிஸார் நீதவானிடம் போய் போக்குவரத்து பாதிக்கப்படும் என்று அறிக்கை வைத்து, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 106ஆம் பிரிவில் தடை கேட்பது இங்கே அடிக்கடி நடக்கிறது. 2021 பெப்ரவரியில் பொத்துவில் முதல் பொலிகண்டி வரையான பேரணிக்கு எதிராக வழியெல்லாம் நீதிமன்றங்களுக்குப் போனார்கள். பெரும்பாலும் மற்றப் பக்கத்தைக் கேட்காமலேயே கட்டளை கிடைத்துவிடும். அதை நீக்கவோ மாற்றவோ சட்டத்தரணி மூலம் அதே நீதவானிடம் கேட்கலாம். அப்போது உங்கள் கையில் இருக்க வேண்டியது போக்குவரத்துத் திட்டம். முத்திரை குத்திய கடிதங்களோடு அதை வைத்தால், குழப்பம் வரும் என்று சொல்பவர்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டி வரும். எழுதிய திட்டம் இல்லாமல் "நாங்கள் அமைதியாகத்தான் போவோம்" என்று சொல்வது அங்கே எடுபடாது.

திட்டம் என்றால் பெரிய கணக்கு ஒன்றும் இல்லை. வீதியின் ஒரு பக்கத்தில் 5 மீற்றர் அகலம் எடுத்து, ஒரு சதுர மீற்றருக்கு ஒருவர் என்று நடந்தால், 5000 பேருக்கு நீளம் 1 கிலோமீற்றர். மணிக்கு 3 கிலோமீற்றர் வேகத்தில் நடந்தால் ஒரு சந்தியை நீங்கள் கடக்க 20 நிமிடம். வீதி முழுவதையும் எடுத்தால் அது பாதியாகும், ஆனால் எதிர்ப்பக்கம் அடியோடு நின்றுவிடும். நான் ஒரு பக்கத்தையே சொல்வேன். இந்த இரண்டு எண்களைக் கடிதத்தில் எழுதினாலே போக்குவரத்துப் பொலிஸ் உங்களை வேறு மாதிரி பார்க்கும். ஏனென்றால் பெரும்பாலானவர்கள் 'ஆயிரக்கணக்கானோர்' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறார்கள்.

இப்போது உங்கள் பாதை. நல்லூரிலிருந்து கச்சேரி 2 கிலோமீற்றர் அளவு, ஆகவே பேரணியின் தலை 40 நிமிடத்தில் கண்டி வீதியைத் தொடும். அது ஏ9 நெடுஞ்சாலை. சாவகச்சேரியிலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் பெரியாஸ்பத்திரிக்கு (யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு) வரும் அம்புலன்ஸ் எல்லாம் கச்சேரியைத் தாண்டித்தான் வர வேண்டும். அவற்றைச் செம்மணியில் திருப்பி, செம்மணி வீதியால் நல்லூர்ப் பக்கம் எடுத்து, பருத்தித்துறை வீதியால் நகருக்குள் இறக்கலாம். ஆனால் உங்கள் வால் நல்லூரை விட்டுப் புறப்படும் வரை அந்த வழி அடைபட்டிருக்கும். முதல் 20 நிமிடத்துக்கு ஏ9 திறந்திருக்கிறது, நல்லூர் மூடியிருக்கிறது. 40ஆவது நிமிடத்திலிருந்து நல்லூர் திறந்திருக்கிறது, ஏ9 மூடியிருக்கிறது. நடுவில் உள்ள 20 நிமிடத்துக்குள் செம்மணியில் திருப்பத் தொடங்க வேண்டும். அதற்கு, கடைசி ஆளோடு நடக்கும் ஒரு தொண்டர் போக்குவரத்துப் பொறுப்பதிகாரிக்கு ஒரு அழைப்பு எடுத்தால் போதும். யார் அந்தத் தொண்டர், எந்த இலக்கத்துக்கு அழைப்பார் என்பதை முன்கூட்டியே எழுதிவையுங்கள். வட்ஸ்அப் குழுவை நம்பாதீர்கள். அன்றைக்கு அதில் படங்கள்தான் வரும்.

யாருக்குக் கடிதம் என்ற கேள்விக்கு வருகிறேன், இங்கேதான் எனக்குப் பொறுமை போகும். ஏ9 வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குச் சொந்தம். சில வீதிகள் மாகாணத்துக்கு, மற்றவை மாநகர சபைக்கு. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ், சாவகச்சேரி ஆதார வைத்தியசாலை மாகாணத்தின் கீழ். இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) பஸ் கொழும்புக்குப் பதில் சொல்லும், உள்ளூர்த் தனியார் பஸ் மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபைக்குப் பதில் சொல்லும். ஒரே நோயாளி, ஒரே வீதி, இத்தனை அலுவலகம். ஒவ்வொன்றிலும் "அது எங்கள் விடயம் இல்லை" என்று சொல்ல ஒரு ஆள் இருக்கிறார். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் இதே அலுவலகங்கள் ஒன்றாக உட்கார்ந்து கோயிலைச் சுற்றி வீதிகளை மூடி, மாற்றுப் பாதை போட்டு, லட்சக்கணக்கானவர்களை நடத்தி அனுப்புகின்றன. முடியாத வேலை இல்லை. பேரணி என்றவுடன்தான் கை நடுங்குகிறது.

ஆகவே தனித்தனியாக அலையாமல், அரசாங்க அதிபருக்கு ஒரு கடிதம் எழுதி, இவர்கள் எல்லோரையும் ஒரு மணித்தியாலம் கூட்டித் தரும்படி கேளுங்கள். மகஜரை வாங்கப்போவதும் அவர்தான், வாசலில் என்ன நடக்கும் என்ற அக்கறை அவருக்கு இருக்கும். மற்றவர்களுக்குப் பிரதி போடுங்கள். கூட்டத்தில் எடுத்த முடிவுகளை அன்றிரவே நீங்களே எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். அவர்களின் கூட்டக் குறிப்பு வரும்போது பேரணி முடிந்திருக்கும்.

ஒலிபெருக்கிக்கு மட்டும் உண்மையிலேயே பொலிஸ் அனுமதிப்பத்திரம் வேண்டும், அதே சட்டத்தின் 80ஆம் பிரிவு. பட்டா என்ற சின்ன லொறியில் ஸ்பீக்கர் கட்டிக் கொண்டு வருபவர் "பெர்மிட் எல்லாம் என்னிடம் இருக்கு அண்ணை" என்பார். வாங்கிப் பாருங்கள். போன மாதம் ஏதோ கோயிலுக்கு எடுத்ததாக இருக்கும். உங்கள் பெயரில், உங்கள் திகதிக்கு, உங்கள் பாதைக்கு எடுங்கள்.

பஸ் தரகர் இன்னொரு தலையிடி. 5000 பேரில் எல்லோரும் பஸ்ஸில் வந்தால் 100 பஸ். வரிசையாக நிறுத்தினால் 1 கிலோமீற்றருக்கு மேல். ஒரு தரகர் மொத்தமாகப் பேசி எடுத்து, தன் கழிவை வாங்கிக்கொண்டு மறைந்துவிடுவார். சாரதிகள் நிழல் கண்ட இடத்தில், இரண்டு பக்கமும் நிறுத்திவிட்டுத் தூங்குவார்கள். பிறகு பத்திரிகையில் 'பேரணியால் நகரம் ஸ்தம்பிதம்' என்று வரும், உண்மையில் அடைத்தது பஸ்தான். ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் தன் பஸ்ஸைத் தானே பேசட்டும், சாரதியின் இலக்கம் உங்களிடம் இருக்கட்டும். நல்லூரில் ஆட்களை இறக்கியவுடன் வெறும் பஸ்கள் முற்றவெளி மைதானப் பக்கம் போய் நிற்க மாநகர சபையிடம் எழுதி இடம் கேளுங்கள். ஆஸ்பத்திரி வீதியை ஒரு பஸ்கூடத் தொடக்கூடாது.

படகு ஒன்றை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக் கொண்டு வருவீர்கள், அது உங்களுக்குப் பிடிக்கும், படம் பிடிப்பவர்களுக்கும் பிடிக்கும். கொண்டு வாருங்கள், ஆனால் தலைக்கு முன்னால் மட்டும். நடுவில் வைத்தால் பின்னால் வரும் அம்புலன்ஸுக்கு வழி விட முடியாது.

தொண்டர்களுக்கு ஒரே ஒரு கட்டளைதான் சொல்லிக் கொடுங்கள்: பேரணியை எங்கேயும் அறுக்க விடாதே. ஓட்டோ, மோட்டார் சைக்கிள் எல்லாம் இடையில் புகப் பார்க்கும், ஒன்றை விட்டால் நூறு வரும். இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

அது ரயில் கடவை. நல்லூரிலிருந்து கச்சேரிக்கு எந்த வழியால் இறங்கினாலும் தண்டவாளத்தை ஒரு இடத்தில் கடந்துதான் ஆக வேண்டும். மணி அடிக்கும்போது முன்னால் இருப்பவர் நிற்பார், 300 மீற்றர் பின்னால் இருப்பவருக்கு அது தெரியாது. அவர் நடந்துகொண்டே இருப்பார். நடுவில் இருப்பவர்கள் நசுங்குவார்கள், அல்லது தண்டவாளத்துக்கு மேல் தள்ளப்படுவார்கள். ஆகவே கடவையில் நிறுத்த முயலாதீர்கள். கடவைக்கு 100 மீற்றர் முன்னாலேயே கயிறு பிடித்த எட்டுப் பத்துத் தொண்டர்கள் நிற்க வேண்டும். அங்கிருந்து 500 பேர் 500 பேராக வெட்டி அனுப்புங்கள். ஒரு தொகுதியின் கடைசி ஆள் தண்டவாளத்தைத் தாண்டிய பிறகே அடுத்த தொகுதி கயிற்றைக் கடக்க வேண்டும். கடந்த தொகுதியும் உடனே நிற்கக் கூடாது, அடுத்ததுக்கு இடம் விட்டு நடக்க வேண்டும். தலை அங்கே நின்று கோஷம் போட்டால் வால் தண்டவாளத்தில் நிற்கும். தேருக்குச் சறுக்குக்கட்டை போடுபவர்களைப் பார்த்திருப்பீர்கள், அந்த மாதிரி ஊரில் பெயர் எடுத்த, குரல் உள்ள ஆட்களையே இந்த இடத்துக்குப் போடுங்கள். இப்படி வெட்டும்போது முன்னே சொன்ன 20 நிமிடம் நீளும், கடிதத்தில் 40 என்று எழுதுங்கள்.

அன்றைய ரயில் நேரங்களை யாழ்ப்பாணம் ரயில் நிலைய அதிபரிடம் எழுத்தில் வாங்குங்கள், தாமதமானால் யாரை அழைப்பது என்றும் கேளுங்கள். கடவைக் காவலாளியோடு முதல் நாளே போய்க் கதையுங்கள். வடக்கில் இந்தக் காவலாளிகள் பலர் நாளுக்குச் சில நூறு ரூபாய்க்கு, நிரந்தர நியமனம் இல்லாமல், பொலிஸ் மூலம் வேலைக்கு எடுக்கப்பட்டு வருடக்கணக்காக நின்றவர்கள். தங்கள் சம்பளத்துக்காக அவர்களும் வீதியில் நின்றிருக்கிறார்கள். உங்களுக்கு உதவி செய்வார்கள்.

கச்சேரி வாசலில் ஐந்து பேர் மட்டும் உள்ளே போகட்டும். மற்றவர்களைக் கண்டி வீதியில் நிறுத்தி வைக்காமல் ஓரமாகப் பிரித்து உட்கார வையுங்கள், ஒரு வாகன அகலம் எப்போதும் வெறுமையாக இருக்கட்டும். பக்கத்தில் சுண்டுக்குளிப் பாடசாலைகள் இருப்பதால் பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு முன்னரே கலைந்துவிட வேண்டும். பஸ்களைப் பத்துப் பத்தாக முற்றவெளியிலிருந்து அழையுங்கள். தீவகத்து பஸ்களை முதலில் எடுங்கள், நெடுந்தீவுக்காரருக்குக் குறிகட்டுவானில் பின்னேரப் படகு போய்விட்டால் அன்றிரவு தங்க இடம் நீங்கள்தான் பார்க்க வேண்டி வரும்.