தொட்டும் முகர்ந்தும் விளையாடும் கண்காட்சிகள்: கலையா, கேளிக்கையா?

‘பார்வையாளர் தொடலாம், முகரலாம், ஏறி விளையாடலாம் என்கிற கண்காட்சிகளில் கலை என்று ஏதாவது இருக்கிறதா, இல்லை அது பெரியவர்களுக்கான விளையாட்டுத் திடல்தானா?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டு வகையும் உண்டு. நான் ஏமாந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிதாக விளம்பரம் செய்திருந்த ஒரு கண்காட்சிக்குப் போனேன். நாலு சுவரிலும் புரொஜெக்டர் படம் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாரும் சுவருக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் எடுத்தேன், மறைப்பானேன்! வெளியே வந்த பிறகுதான் உறைத்தது: நான் போகாமலே இருந்திருந்தாலும் அந்த அறைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அன்றிலிருந்து எனக்கு அதுதான் அளவுகோல்.

அந்த அளவுகோலில் நன்றாகத் தேறுவது ஜப்பானியக் கலைஞர் யயோய் குசாமாவின் ‘ஒப்லிட்டரேஷன் ரூம்’, அதாவது இருந்த தடமே தெரியாமல் அழிக்கும் அறை. 2002இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கலைக்கூடத்தில் குழந்தைகளுக்காக அமைத்தது. சுவர், மேசை, நாற்காலி என்று வீடு மொத்தமும் வெள்ளை. உள்ளே வருபவர் கையில் வண்ண வட்ட ஸ்டிக்கர்களைக் கொடுத்துவிடுவார்கள். எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம், அவ்வளவுதான். முதல் நாள் வருபவருக்கு வெள்ளையைக் கெடுக்கக் கை கூசும். கடைசியில் வருபவருக்கு இடம் தேட வேண்டியிருக்கும். நாற்காலி எது, சுவர் எது என்றே தெரியாதபடி எல்லாம் புள்ளிக்குள் கரைந்திருக்கும். சின்ன வயதிலிருந்தே புள்ளிகள் எல்லாவற்றையும் மூடுவதுபோல் தனக்குத் தோற்றங்கள் தெரிந்ததாகக் குசாமா சொல்லியிருக்கிறார். அந்தப் பயத்தை ஒரு குழந்தை சிரித்துக்கொண்டே ஒட்டிவிட்டுப் போகிறது. இதை வெறும் கேளிக்கை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

வாசனை இன்னும் தந்திரமானது. பிரேசில் கலைஞர் எர்னெஸ்டோ நெட்டோ, இழுபடும் மெல்லிய துணியில் மஞ்சள்தூள், கிராம்பு, மிளகு எல்லாம் நிரப்பிக் கூரையிலிருந்து தொங்கவிடுவார். பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் கண்ணை மூடிக்கொள்ளலாம். மூச்சை எவ்வளவு நேரம் பிடிப்பீர்கள்? பார்க்கிறவர் அனுமதி கேட்காமலே படைப்பு உள்ளே போய்விடுகிறது.

அப்புறம், விளையாடச் சொல்லிவிட்டால் மக்கள் உண்மையாகவே விளையாடுவார்கள். 1971இல் லண்டன் டேட் கலைக்கூடத்தில் அமெரிக்கக் கலைஞர் ராபர்ட் மோரிஸ் மரப்பலகை, கயிறு, இரும்பு வைத்து ஏறவும் சறுக்கவும் ஆடவும் சாதனங்கள் அமைத்தார். கூட்டம் போட்ட ஆட்டத்தில் பலருக்கு அடிபட, நாலே நாளில் மூடிவிட்டார்கள். 2009இல் பாதுகாப்பான பொருட்களால் திரும்பச் செய்தார்கள். சீனக் கலைஞர் ஐ வெய்வெய் 2010இல் லண்டனின் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் பீங்கானில் செய்த சூரியகாந்தி விதைகளைப் பரப்பியபோதும் இதே மாதிரிதான். ஏறத்தாழ பத்துக் கோடி விதைகள், ஒவ்வொன்றும் கையால் வரைந்தது. அதன்மேல் நடக்கலாம் என்றார்கள். எழுந்த தூசி உடலுக்குக் கெடுதல் என்று சில நாளிலேயே நிறுத்திவிட்டார்கள்.

போவதென்றால் ஒரு யோசனை: போனைப் பையில் போட்டுவிட்டு, முதல் பத்து நிமிடம் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். ‘தொடவும்’ என்று பலகை வைத்தும் யாரும் தொடவில்லை என்றால் பழுது அமைப்பில்தான்.

எனக்குப் பொறுக்காத காட்சி ஒன்று உண்டு. பிரேசில் கலைஞர் லிஜியா கிளார்க் 1960களில் ‘பிஷோஸ்’ என்ற சிற்பங்களைச் செய்தார். பூச்சி, பிராணி என்று பொருள். கீல் வைத்த உலோகத் தகடுகள். பார்ப்பவர் கையில் எடுத்து மடக்கி விரித்தால்தான் அவற்றுக்கு உயிர். இன்று விலை ஏறிவிட்டதால் பல இடங்களில் அவை கண்ணாடிப் பெட்டிக்குள் அசையாமல் உட்கார்ந்திருக்கின்றன. சில கண்காட்சிகளில் மட்டும் மடக்கிப் பார்க்கப் பக்கத்தில் நகல் வைக்கிறார்கள். நான் போனால் அந்த நகலை விட்டு நகர மாட்டேன்.