முப்பது தாண்டியும் பரு விடலையா? முதல்ல அந்த ட்யூபை திருப்பிப் பாருங்க

கேள்வி: எனக்கு வயசு 33. காலேஜ் படிக்கும்போதுகூட இவ்ளோ பரு வந்ததில்ல. இப்போ ரெண்டு வருஷமா தாடையிலயும் தாடை ஓரத்துலயும் வலியோட பெருசு பெருசா வருது, பீரியட்ஸுக்கு ஒரு வாரம் முன்னாடி இன்னும் மோசம். தினமும் அஞ்சாறு தடவை முகம் கழுவுறேன், ஸ்க்ரப் போடுறேன், க்ரீமும் மாத்தி மாத்தி பாத்துட்டேன். ஃப்ரெண்ட் குடுத்த ஒரு ட்யூப் போட்டா மட்டும் மூணே நாள்ல அமுங்கிடுது, நிறுத்தினா திரும்ப வந்துடுது. பாலை நிறுத்தணுமா? மேக்கப் போடலாமா?

பதில்: மத்ததெல்லாம் அப்புறம், முதல்ல அந்த ட்யூபோட பின்பக்கம் பொடி எழுத்துல என்ன இருக்குன்னு படிங்க. பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் இதுல ஏதாவது ஒரு பேர் இருந்தா அது ஸ்டீராய்டு. சிவப்பையும் வீக்கத்தையும் சட்டுன்னு அமுக்கிடும், ஆனா பரு ஏன் வருதோ அதைத் தொடவே தொடாது. நாளாக நாளாக தோல் மெலிஞ்சு ரத்தக் குழாய் வெளிய தெரிய ஆரம்பிக்கும், அதனாலயே புதுசா பருவும் வரும், நிறுத்தினா பொங்கிட்டு வரும், உடனே பயந்துபோய் நீங்களே திரும்ப எடுத்து போடுவீங்க. ரொம்ப நாளா போட்டுட்டு இருந்தா நீங்களா டக்குனு நிறுத்தாம ஸ்கின் டாக்டர்கிட்ட காட்டி நிறுத்துங்க.

அடுத்தது இந்தக் கழுவுற விஷயம். பரு அழுக்கால வர்றது இல்லங்க. எண்ணெய்ச் சுரப்பி அதிகமா வேலை செஞ்சு, செத்த செல்லோட சேர்ந்து துவாரத்தை அடைக்குது, உள்ள பாக்டீரியா பெருகி வீங்குது. அதை தேய்ச்சு எடுக்க முடியாது, தோல்தான் எரியும். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, ரொம்ப வேர்த்தா இன்னொண்ணு, மைல்டான க்ளென்சர் போதும். ஸ்க்ரப்பை தூக்கிப் போடுங்க.

மருந்துன்னு பாத்தா ராத்திரிக்கு அடாபலீன் 0.1% ஜெல். முகம் நல்லா காய்ஞ்சதும் ஒரே ஒரு பட்டாணி அளவு எடுத்து நெத்தி, ரெண்டு கன்னம், தாடைன்னு புள்ளி வச்சு முகம் முழுக்க மெல்லிசா பரப்பணும், கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதட்டோரம் வேண்டாம். பரு மேல மட்டும் வைக்கிறதுல பிரயோஜனம் இல்ல, ஏன்னா இது இனிமே வரப்போற பருவுக்கான மருந்து. முதல்ல ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுங்க, மேல மாய்ஸ்சரைசர். ஆரம்பத்துல தோல் உரியும், பருவும் கொஞ்சம் கூடின மாதிரி இருக்கும், நிறைய பேர் அங்கதான் கைவிட்டுடுறாங்க. 8லேர்ந்து 12 வாரம் ஆகும் வித்தியாசம் தெரிய, அதுவரைக்கும் க்ரீம் மாத்தாதீங்க ப்ளீஸ். தோல் பழகினப்புறம் வேணும்னா காலையில பென்சாயில் பெராக்சைடு 2.5% சேத்துக்கலாம், அதிக சதவீதம் வாங்குறதால எரிச்சல்தான் கூடும் (டவலும் தலையணை உறையும் வெளுத்துப் போயிடும், வெள்ளைத் துணியா வச்சுக்கோங்க). பகல்ல எஸ்பிஎஃப் 30 சன்ஸ்க்ரீன் கட்டாயம், இல்லன்னா தழும்பு கறுத்துப்போய் மாசக்கணக்குல நிக்கும். ஆனா ஒண்ணு, கர்ப்பமா இருந்தாலோ பிளான் பண்ணிட்டு இருந்தாலோ அடாபலீன் வேண்டாம், டாக்டர்கிட்ட அசெலாயிக் ஆசிட் பத்தி கேளுங்க.

தாடையில, அதுவும் பீரியட்ஸை ஒட்டி வருதுன்னா ஹார்மோன் பங்கு இருக்குன்னு அர்த்தம். பீரியட்ஸ் தள்ளித் தள்ளிப் போறது, முகத்துல முடி வளர்றது, தலைமுடி மெலியறது இதெல்லாம் கூட இருந்தா பிசிஓஎஸ் (சினைப்பையை ஒட்டின ஹார்மோன் கோளாறு) இருக்கான்னு பாக்கணும். அப்போ வெளிப்பூச்சு மட்டும் பத்தாது, ஹார்மோனுக்கு மாத்திரை இருக்கு, டாக்டர் பாத்து குடுப்பாங்க.

பால் சில பேருக்கு பருவை கூட்டுது, எல்லாருக்கும் இல்ல. மொத்தமா நிறுத்தறதுக்கு முன்னாடி சர்க்கரை, மைதா ஐட்டத்தை குறைச்சுப் பாருங்க, ஜிம்முக்கு போய் வே புரோட்டீன் (பால்லேர்ந்து எடுக்கிற புரோட்டீன் பவுடர்) எடுக்கிறீங்கன்னா அதையும் கொஞ்ச நாள் நிறுத்திப் பாக்கலாம். கண்ணாடி முன்னாடி நின்னு கிள்ளுறது மட்டும் கூடவே கூடாது, வலிக்கிற பெரிய பருவை அமுக்கினா உள்ள பரவி குழி விழும்.

மேக்கப் தாராளமா போடலாம். லேபிள்ல 'நான்-காமடோஜெனிக்'னு (துவாரத்தை அடைக்காதுன்னு அர்த்தம்) இருக்கிறதா வாங்குங்க, ப்ரஷ்ஷை வாரம் ஒரு தடவை கழுவுங்க, எவ்ளோ டயர்டா இருந்தாலும் கலைக்காம படுக்காதீங்க.