முள் மட்டும் கொதிக்கிறதா?

கேள்வி: ஒற்றை வயர் டெம்பரேச்சர் சென்சார் உள்ள பழைய கார். காலையில் சாவியைத் திருப்பியதுமே டெம்பரேச்சர் முள் 'ஹெச்'சுக்கு ஏறிவிடுகிறது. ரேடியேட்டரை மாற்ற வேண்டுமா?

பதில்: ரேடியேட்டரைத் தொடாதீர்கள். ஆறிய இன்ஜின் அரை நொடியில் கொதிக்காது, இது மின்கோளாறு. சூடு ஏற ஏற சென்சாரின் மின்தடை குறையும். வயர் கார் பாடியில் உரசினாலும் மின்தடை இல்லாமல் போவதால், மீட்டருக்கு அது கடும் சூடாகவே தெரியும்.

சாவியை ஆனில் வைத்து, சென்சார் வயரைக் கழற்றுங்கள். முள் இறங்கினால் சென்சார் பழுது. இறங்காவிட்டால் வயர் எங்கோ உரசுகிறது, அல்லது மீட்டரே போய்விட்டது.

புது சென்சாரின் மரையில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். இந்த சென்சாருக்கு எர்த் (மின்சாரம் திரும்பும் வழி) மரை வழியாகத்தான்; அது சரியாகக் கிடைக்காமல் முள் குறைத்துக் காட்டும். இன்ஜின் கொதித்தாலும் தெரியாது. கூலன்ட் குறைந்து சென்சார் காற்றில் நின்றாலும் இதே ஆபத்துதான். இன்ஜின் நன்றாக ஆறியபின் மூடியைத் திறந்து அளவையும் பாருங்கள்.