பாலைவன வறண்ட ஏரியில் கிடைத்த கல் அபூர்வ விண்கல்லா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கையில் வைத்துப் பார்த்து விண்கல் என்று ஓரளவு சொல்லலாம். அபூர்வமா என்பதைக் கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

பெங்களூரில் பாறைகளை அறுத்து, மெல்லிய சில்லாகத் தேய்த்து, ஆய்வுக்குத் தின் செக்‌ஷன் செய்து கொடுப்பது என் வேலை. அல்சூரில் எங்கள் தெருவுக்கே இது தெரியும். ராஜஸ்தான் போய் வருகிறவர்கள் "அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று கருப்புக் கல்லை நீட்டுவார்கள். பெரும்பாலும் உலைக் கசடுதான். குமிழி ஓட்டை இருந்தால் கசடு என்பது பொது விதி.

ஆனால் விதிக்கும் விலக்கு உண்டு. 1979-இல் அர்ஜென்டினாவில் ஏர் உழும்போது சிக்கிய தோர்பினி என்ற கல் முழுக்கக் குமிழிகள். அது ஆங்ரைட் என்ற மிக அரிய வகை, வயது சுமார் 456 கோடி ஆண்டு. நம் லால்பாக் பாறையே 300 கோடிதான்!

வறண்ட ஏரியில் தேடுவதற்குக் காரணம் எளிது. வெள்ளம் நடு ஏரிவரை வண்டலைத்தான் கொண்டுவரும், கல்லைக் கொண்டுவராது. ஆகவே வெளிறிய களிமண் தரையில் தனியாக ஒரு கருப்புக் கல் கிடந்தால் சந்தேகப்படலாம். காற்று மண்ணை அரித்துக்கொண்டு போகப் போக, பழைய கற்களும் மேலே தலைகாட்டும். ஈரம் குறைவு என்பதால் துருவும் மெதுவாகவே ஏறும்.

எல்லோரும் காந்தத்தோடு போவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சாதாரண காண்ட்ரைட்டில் (அதிகம் கிடைக்கும் விண்கல் வகை) இரும்பு-நிக்கல் உலோகம் இருப்பதால் காந்தம் ஒட்டும். செவ்வாய், நிலா, ஆங்ரைட் கற்களில் உலோகம் ஏறக்குறைய கிடையாது, பார்வைக்கு நம்மூர் எரிமலைப் பாறை மாதிரி இருக்கும். காந்தத்தை மட்டும் நம்பினால் அவற்றைத் தாண்டிப் போய்விடுவீர்கள். போதாக்குறைக்கு, வலுவான காந்தம் கல்லுக்குள் இருக்கும் ஆதிகாலக் காந்தப் பதிவையே அழித்துவிடும். 'பிளாக் பியூட்டி' என்ற செவ்வாய்க் கல்லின் துண்டுகளில் அப்படித்தான் ஆகியிருக்கிறது.

எடையும் அபூர்வமும் வேறு வேறு. 2008-இல் சென்னை ரோட்டில் நமக்குப் பக்கத்திலேயே, சூளகிரியில் விழுந்தது 100 கிலோவுக்கு மேல். வகை எல்எல்6, அதாவது சாதாரண காண்ட்ரைட் குடும்பம்தான்.

வகைப்படுத்துவது இப்படி: 20 கிராம் அல்லது மொத்த எடையில் 20 சதவீதம், எது குறைவோ அது, ஓர் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் நிரந்தரமாகத் தங்கும். ஒரு சில்லை 0.03 மில்லிமீட்டர் வரை தேய்ப்போம். ஒளி ஊடுருவும் கனம் அது, கை நடுங்கினால் போச்சு. பிறகு எலக்ட்ரான் மைக்ரோபுரோப் என்ற, கனிமத்தின் வேதிக் கலவையை அளக்கும் கருவியில் ஆலிவின் கனிமத்தின் இரும்பு விகிதத்தை அளப்பார்கள். 16 முதல் 20 சதவீதம் வந்தால் சாதாரண காண்ட்ரைட்டில் எச் வகை, 23 முதல் 26 என்றால் எல், அதற்கு மேல் எல்எல். இதில் எதிலும் அடங்காத கல்லுக்குத்தான் அடுத்த கட்டம். இரும்பு-மாங்கனீஸ் விகிதம் எந்தக் கோளின் கல் என்று காட்டிக்கொடுக்கும், ஆக்ஸிஜன் ஐசோடோப்பு (வேறு வேறு எடையுள்ள ஆக்ஸிஜன் அணுக்கள்) விகிதம் அதை உறுதி செய்யும். கடைசியில் உலக விண்கல் ஆய்வாளர்களின் சங்கமான மீட்டியோரிட்டிகல் சொசைட்டியின் பெயரிடும் குழு ஒப்புக்கொண்டால்தான் கல்லுக்குப் பெயர்.

பெயருக்கு இடம் முக்கியம். அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் 1980 வாக்கில் எடுத்த இரண்டு கற்கள், சுமார் 20 ஆண்டு ஒருவரின் கல் சேகரிப்பில் கிடந்தன. 1999-இல்தான் செவ்வாய்க் கற்கள் என்று தெரிந்தது. எடுத்த இடம் சரியாகத் தெரியாததால், அடையாளம் கண்ட ஊரின் பேரில் அவை 'லாஸ் ஏஞ்சலிஸ்' ஆகிவிட்டன.

அதனால் தொடுவதற்கு முன்பே படம் எடுங்கள், ஜிபிஎஸ் குறியுங்கள். கழுவாதீர்கள், உப்புத் தண்ணீர் துருவைக் கிளப்பும். கிரானைட் கடையில் கொடுத்து அறுக்கவே அறுக்காதீர்கள். நாட்டின் விண்கல் சேகரிப்பு கொல்கத்தாவில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிடம் இருக்கிறது. 2022-இல் குஜராத்தின் தியோதரில் விழுந்த, ஆப்ரைட் என்ற அரிய வகைக் கல்லை ஆராய்ந்தது அகமதாபாத் பிஆர்எல் (இயற்பியல் ஆய்வுக்கூடம்). முதலில் படத்தையும் இடத்தையும் இந்த இரண்டு இடங்களில் ஒன்றுக்கு அனுப்புங்கள். கல்லை அவர்கள் கேட்டால் கொடுத்தால் போதும்.