வாயைத் திறந்தால் 'டக்' சத்தம்: ஆபரேஷன் வரை போக வேண்டுமா?

வாயைத் திறக்கும்போது வலது காதுக்கு முன்னால் ஒரு வருடமாக 'டக்' என்று சத்தம் வருகிறது. ஒரு மாதமாக வலியும் சேர்ந்துவிட்டது, காலையில் எழுந்தால் கன்னம் இறுகிக் கிடக்கிறது. காது டாக்டர் காதில் ஒன்றுமில்லை என்கிறார். ஒரு பல் டாக்டர் கடவாய்ப் பற்களை ராவிக் கடியைச் சரிசெய்யலாம் என்கிறார். ஆபரேஷன்தான் வழி என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்வது டாக்டர்?
– வாசகி (34), கும்பகோணம்

முதலில் பல்லை ராவச் சம்மதிக்காதீர்கள். ராவிய பல் திரும்ப வளராது, ராவினால் இந்த வலி போகும் என்பதற்கு நல்ல ஆதாரமும் கிடையாது. ஆபரேஷன் பேச்சையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

கீழ்த்தாடை எலும்பின் தலைப்பகுதி காதுக்குச் சற்று முன்னால் மண்டையோட்டில் இருக்கும் ஒரு குழியில் போய்ச் சேர்கிறது, இரண்டுக்கும் நடுவில் மெல்லிய நார்த்திசு வட்டு ஒன்று இருக்கிறது. இதுதான் தாடை மூட்டு. இந்த வட்டு கொஞ்சம் முன்னால் நழுவி உட்கார்ந்திருந்தால், வாயைத் திறக்கும்போது எலும்பு அதன் மேல் ஏறும், அந்த நேரத்தில்தான் 'டக்' என்று கேட்கிறது. வலி இல்லாமல், வாயும் முழுதாகத் திறந்து, வெறும் சத்தம் மட்டும் உள்ளவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்களுக்குச் சிகிச்சையே தேவையில்லை, ஸ்கேனும் தேவையில்லை.

உங்களுக்கு வலி இருக்கிறது, அதனால் கவனிக்கத்தான் வேண்டும். ஆனால் காலையில் கன்னம் இறுகுகிறது என்று எழுதியிருப்பதைப் பார்த்தால், மூட்டைவிட மெல்லும் தசையில்தான் வலி அதிகம் என்று தோன்றுகிறது, தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்களோ என்னவோ. கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் விரலால் அழுத்திப் பாருங்கள், அதே வலி வந்தால் தசைதான்.

பகலில் உங்களையே கவனியுங்கள். சாப்பிடாத நேரத்தில் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடவே கூடாது: உதடு மூடியிருக்க வேண்டும், பற்கள் விலகியிருக்க வேண்டும், நாக்கு நுனி மேல் முன்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் லேசாக ஒட்டியிருக்க வேண்டும். கணினி முன்னாலும், வண்டி ஓட்டும்போதும், கோபத்தை அடக்கும்போதும் நம்மில் பலர் பல்லைக் கடித்துக்கொண்டே இருக்கிறோம், இதை நிறுத்தினாலே பாதி வலி போய்விடுவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். சில வாரங்களுக்கு முறுக்கு, சீடை, கடலை மிட்டாய், கரும்பு, எலும்பு கடிப்பது, சூயிங்கம் எல்லாம் வேண்டாம். இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம் என்று இருங்கள், இரண்டு பக்கமும் மாற்றி மெல்லுங்கள். கொட்டாவி வந்தால் முகவாயைக் கையால் தாங்கிக்கொள்ளுங்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் தினம் இரண்டு முறை, கால் மணி நேரம் கன்னத்தில் ஒத்தடம் கொடுங்கள். அதன் பிறகு நாக்கை அண்ணத்தில் வைத்தபடியே வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள், ஒரு தடவைக்கு ஆறு முறை போதும். இதையும் தசைக்கான மற்ற பயிற்சிகளையும் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் நேரில் கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது. வலி மாத்திரையை டாக்டரைக் கேட்டுச் சில நாட்களுக்கு மட்டும் எடுக்கலாம். வயிற்றுப்புண், சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் இபுப்ரோஃபென் வகை மாத்திரைகளை நீங்களாகக் கடையில் வாங்கிப் போடவே கூடாது.

பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று மாதத்துக்குள் வலி அடங்கிவிடுகிறது. சத்தம் அப்படியே இருக்கலாம், இருந்தால் இருக்கட்டும்.

ஆபரேஷனைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1980களில் அமெரிக்காவில் இந்த வட்டை எடுத்துவிட்டு டெஃப்லான் பூசிய செயற்கைத் துண்டைப் பலருக்கு வைத்தார்கள். மெல்ல மெல்ல அது தேய்ந்து துகளாகி, உடம்பு அந்தத் துகளை எதிர்க்கப் போய், சுற்றியிருந்த எலும்பும் அரித்துப்போனது. 1990-இல் அந்நாட்டின் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விட்டது, அதற்குள் பலர் முன்பைவிட மோசமான வலிக்கு ஆளாகியிருந்தார்கள். 2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த சிகிச்சை வழிகாட்டுதலும் நாள்பட்ட தாடை மூட்டு வலிக்கு வட்டை அகற்றும் ஆபரேஷன் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறது. பயிற்சி, கையால் செய்யும் பிசியோதெரபி, வலியைச் சமாளிக்கக் கற்றுத்தரும் மனநல ஆலோசனை, இவைதான் அதில் முன்னால் நிற்கின்றன.

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதாக மனைவி சொல்கிறாள். தாடை வலியும் இருக்கிறது. இரவில் பல்லில் மாட்டிக்கொள்ளும் உறையை, அதுதான் நைட் கார்டு, ஆன்லைனில் வாங்கலாமா? போடாக்ஸ் ஊசி போட்டால் உடனே சரியாகும் என்கிறார்களே?
– ஐ.டி. ஊழியர் (29), கோயம்புத்தூர்

வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவம் எடுக்கும் அந்த மெத்தென்ற கார்டை வாங்க வேண்டாம், சிலர் அதை இன்னும் அதிகமாகக் கடிக்கிறார்கள். பல் மருத்துவர் அளவெடுத்து, எல்லாப் பற்களையும் மூடும்படி கெட்டியான அக்ரிலிக்கில் செய்து தருவதை இரவில் மட்டும் போடுங்கள். முன்பற்களை மட்டும் மூடுவதை நாள் முழுக்கப் போட்டால் கடியே மாறிவிடும். கார்டு பல் தேயாமல் காக்கும். வலியையும் அதுவே போக்கிவிடும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள், அதற்கான ஆதாரம் பலவீனமானது.

போடாக்ஸ் தசையைச் சில மாதங்கள் தளர்த்தும், அப்புறம் மறுபடியும் ஊசி, மறுபடியும் செலவு. மேலே சொன்ன 2023 வழிகாட்டுதல் இதையும் பரிந்துரைக்கவில்லை. முதலில் குறட்டையும் பகல் தூக்கமும் உண்டா என்று மனைவியிடம் கேளுங்கள். தூக்கத்தில் மூச்சுத் தடை இருப்பவர்களிடமும் பல் கடிப்பைப் பார்க்கிறோம், அது இருந்தால் அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

என் மகளுக்கு 21 வயது. ரொம்ப நாளாக தாடையில் சத்தம் இருந்தது. போன வாரம் திடீரென்று சத்தம் நின்றுவிட்டது, ஆனால் அன்றிலிருந்து வாயில் இரண்டு விரல்தான் நுழைகிறது. தானாகச் சரியாகுமா?
– ஒரு தாய், மதுரை

சத்தம் நின்றதை நல்ல அறிகுறி என்று நினைக்க வேண்டாம் அம்மா. முன்பு எலும்பு அந்த வட்டின் மேல் ஏறியதால் சத்தம் வந்தது, இப்போது ஏற முடியாமல் வட்டு முன்னாலேயே சிக்கிக்கொண்டிருக்கலாம். பொதுவாக வாயில் மூன்று விரல்களை நெடுக்காக வைக்க முடிய வேண்டும், அதாவது 40 மில்லிமீட்டர் அளவுக்காவது திறக்க வேண்டும்.

தாமதிக்காமல் வாய், முக அறுவை சிகிச்சை நிபுணரிடம் காட்டுங்கள், இந்த வாரமே போங்கள். சென்னையில் இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் அந்தத் துறை உண்டு. ஆரம்பத்திலேயே போனால் கையாலேயே தாடையை நகர்த்திப் பார்ப்பார்கள், பயிற்சி கொடுப்பார்கள். அதற்கும் திறக்கவில்லை என்றால் மரத்துப்போக ஊசி போட்டு, இரண்டு ஊசிகள் வழியாக மூட்டுக்குள் சலைன் விட்டுக் கழுவும் முறை இருக்கிறது, வெட்டுத் தையல் கிடையாது. வலிக்கென்றே அதைச் செய்வதை நான் ஆதரிப்பதில்லை, திடீரென்று பூட்டிக்கொண்ட வாய்க்கு யோசிக்கலாம். நீங்களாக பலம் போட்டு வாயைத் திறக்க முயல வேண்டாம்.

பான் மசாலா, பாக்குப் பழக்கம் உள்ளவர்களுக்கு வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்காமல் போவது முற்றிலும் வேறு நோய். கன்னத்தின் உள்பக்கம் வெளிறி விறைத்து, காரம் பட்டால் எரியும். அது புற்றுநோயாக மாறக்கூடியது, பாக்கை அன்றே விட்டுவிட்டுப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

சாப்பிட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் தாடை கடுக்கிறது, நிறுத்தினால் விடுகிறது. நெற்றிப்பொட்டில் புதிதாகத் தலைவலி, தலை சீவினால்கூட வலிக்கிறது. இதுவும் மூட்டு வலிதானா?
– வாசகர் (67), திருநெல்வேலி

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே போனில் சொல்லிவிட்டோம், மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் தாடை மூட்டை விட்டுவிட்டு, நெற்றிப்பொட்டு ரத்தக்குழாய் அழற்சியைச் சந்தேகிக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் பார்வையே போகலாம். அன்றைக்கே பெரிய மருத்துவமனையில் பொது மருத்துவரைப் பாருங்கள், அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனை செய்வார்கள், சந்தேகம் வலுத்தால் ஸ்டீராய்டு மாத்திரையை உடனே தொடங்குவார்கள். கண் மங்கினாலோ இரட்டையாகத் தெரிந்தாலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். இன்னொன்று, படி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ தாடையில் வலி வந்து, நின்றால் குறைகிறது என்றால் அது இதயத்திலிருந்து வருவதாக இருக்கலாம், அதற்கு முதலில் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும், பல் டாக்டரிடம் அப்புறம் போகலாம்.