டெஸ்ட்ல மாக் (நெச ஃபங்ஷனுக்குப் பதிலா நிக்கிற போலி) எங்க வைக்கணும், எங்க வைக்கக் கூடாது: கேள்வி பதில்

அம்பாசமுத்திரம்: அண்ணாச்சி, பாபநாசம் அணை 143 அடியைத் தொட்டா ஆத்தங்கரை ஊர்களுக்கு எஸ்எம்எஸ் போற மாதிரி பைத்தான்ல எழுதியிருக்கேன். எஸ்எம்எஸ் ஃபங்ஷனுக்குப் பதிலா டெஸ்ட் நேரத்துல மாக் வைக்க பேட்ச் போட்டும், டெஸ்ட் ஓட்டுனா நெசமாவே மெசேஜ் போகுது.

பதில்: பேட்ச் போட்ட இடம் தப்பு தம்பி. 'எஸ்எம்எஸ்' மாட்யூல்ல (கோட் ஃபைல்ல) இருக்க 'அனுப்பு'வை உங்க 'எச்சரிக்கை' மாட்யூல் 'ஃப்ரம் இம்போர்ட்' போட்டு எடுத்திருக்கும். அந்த வரி ஓடுன உடனே 'எச்சரிக்கை'க்குள்ள அதே ஃபங்ஷனுக்குத் தனியா ஒரு பேரு விழுந்துரும். பெறகு நீங்க மூல மாட்யூல்ல என்னத்த மாத்துனாலும் இந்தப் பேரு பழைய ஃபங்ஷனைத்தான் பிடிச்சுக்கிட்டு நிக்கும். 'எச்சரிக்கை.அனுப்பு'ன்னு பேட்ச் போடுங்க. எங்க கூப்பிடுதோமோ அந்த மாட்யூலோட பேரு வரணும்.

அதுக்கு மேல ஒண்ணு. முடிவெடுக்க வேலையையும் அனுப்புற வேலையையும் பிரிச்சிருங்க. இப்பத்த நீர்மட்டம், முந்தின நீர்மட்டம், எச்சரிக்கை அளவு மூணையும் வாங்கிக்கிட்டு, அனுப்பணுமா வேண்டாமான்னு மட்டும் சொல்லுத ஒரு ஃபங்ஷன். இதுக்கு மாக்கே வேண்டாம். அளவை வெளியில இருந்து கொடுத்தா மணிமுத்தாறு அணைக்கு 118ன்னு கொடுத்து அதே ஃபங்ஷனை ஓட்டலாம். 142.9, 143, 143.1 மூணுக்கும் டெஸ்ட் எழுதுங்க. கூடவே சென்சார் ஒண்ணுமே அனுப்பாத நேரம், போன மணிக்கும் 143 இந்த மணிக்கும் 143 இருக்க நேரம். இந்த ரெண்டையும் விட்டா, முதல்ல சொன்னதுல ப்ரோகிராம் நின்னுரும், அடுத்ததுல ஒரே மெசேஜ் மணிக்கு மணி போகும். அனுப்புற பக்கத்துக்கு ஒரு மாக் டெஸ்ட் போதும்.

எழுதி முடிச்சதும் 'பெரிது அல்லது சமம்' குறியை வெறும் 'பெரிது' ஆக்கி ஒரு தடவை ஓட்டுங்க. 143 டெஸ்ட் சிவப்பாகணும், அதாவது தோக்கணும். ஆகலைன்னா அந்த டெஸ்ட் காவல் காக்கலை.

சங்கரன்கோவில்: ஸ்டப், மாக், ஸ்பை, ஃபேக் என்ன வித்தியாசம்?

பதில்: கேட்டா சொல்லிவச்ச பதிலைத் தாரது ஸ்டப். யாரு எப்படிக் கூப்பிட்டாங்கன்னு குறிச்சு வைக்கிறது ஸ்பை. இப்படித்தான் கூப்பிடணும்னு எதிர்பாத்து, மாறுனா டெஸ்ட்டைத் தோற்கடிக்கிறது மாக். உள்ளுக்குள்ள நெசமாவே வேலை செய்யுத சின்ன மாற்று ஃபேக்.

பாளையங்கோட்டை: எங்க டெஸ்ட் ஒண்ணு பகல்ல பச்சை. ராத்திரி 12 மணிக்கு மேல விடியக்காலம் 5.30 வரைக்கும் மட்டும் சிவப்பு. இன்னைக்குத் தேதி தார 'டேட்.டுடே'வை மாக் பண்ணலாம்னு பாத்தா பைத்தான் விட மாட்டேங்குது.

பதில்: நேரத்தைச் சொன்னதே நல்லதாப் போச்சு, விடை அதுலதான் இருக்கு. இந்திய நேரம் யூடிசியை (உலகப் பொது நேரத்தை) விட 5.30 மணி முந்தி. நமக்குத் தேதி மாறுனப்பெறகும் அந்த அஞ்சரை மணி நேரம் யூடிசியில நேத்தைய தேதிதான். உங்க கோட்ல ஒரு பக்கம் யூடிசி, இன்னொரு பக்கம் உள்ளூர் நேரம் எடுக்கிய.

'டேட்' சி மொழியில எழுதுன டைப், அதனால அதோட 'டுடே'வைத் தனியா மாத்த முடியாது. மாத்தவும் வேண்டாம். 'இப்போ மணி என்ன'ங்கிறதை ஃபங்ஷனுக்கு வெளியில இருந்து கொடுங்க. ஜாவால இதுக்குன்னே 8ஆம் பதிப்புல இருந்து 'க்ளாக்' இருக்கு, டெஸ்ட்ல 'க்ளாக்.ஃபிக்ஸ்ட்' போதும். ரெண்டு நேரத்துக்கு டெஸ்ட் எழுதுங்க: யூடிசி 18:29, யூடிசி 18:30. நம்ம தேதி மாறுத வாசப்படி அதுதான்.

தென்காசி: பேட்ச் போட்டேன், வேலை செய்யலை.

பதில்: அம்பாசமுத்திரத்துக்குச் சொன்னதுதான். கூப்பிடுத மாட்யூல்ல போடுங்க.

வள்ளியூர்: ஃபங்ஷன்ல ஒரு ஆர்க்யுமென்ட் கூட்டியாச்சு. மாக் வச்ச டெஸ்ட் அத்தனையும் பச்சை, லைவ்ல உடையுது.

பதில்: வெறும் மாக் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கிடும். பேட்ச்ல 'ஆட்டோஸ்பெக்'கை 'ட்ரூ'ன்னு வையுங்க. ஆர்க்யுமென்ட் எண்ணிக்கை மாறுனா அங்கேயே எர்ரர் வரும். கன்ஸ்ட்ரக்டருக்குள்ள வச்ச வேரியபிள் மட்டும் அதுக்குத் தெரியாது, அதை நீங்களே கொடுக்கணும். இன்னொரு குழி: 'அசெர்ட்_கால்டு_ஒன்ஸ்_வித்'துக்குப் பதிலா 'கால்டு_ஒன்ஸ்_வித்'னு எழுதிட்டா, பைத்தான் 3.12க்கு முந்தி எர்ரரே வராது, எப்பவும் பச்சை. வேணும்னே தப்பான மதிப்பு கொடுத்துச் சிவப்பாகுதான்னு பாத்தா இந்தக் குழி மாட்டிக்கிடும்.

மேலப்பாளையம்: நீங்க டேட்டாபேஸோட டெஸ்ட் ஓட்டச் சொல்லுவியன்னு கேள்விப்பட்டேன். டேட்டாபேஸைத் தொட்டா அது யூனிட் டெஸ்ட்டே (ஒரு சின்னத் துண்டு கோடை மட்டும் சோதிக்கிறது) இல்லை அண்ணாச்சி. ரெப்பாசிட்டரியை, அதாவது டேட்டாபேஸ்ல எழுதி எடுக்கிற கோடை, மாக் பண்ணணும்.

பதில்: பேரு என்ன வேணும்னாலும் இருக்கட்டும். ரத வீதி அல்வாக் கடை பில்லிங்னு வையுங்க. தீபாவளிக் கூட்டத்துல ரெண்டு கவுன்டர்ல ஒரே நேரத்துல ஒரே பில் நம்பர் விழுந்தா, ரெண்டாவதைத் தடுக்கிறது டேட்டாபேஸ்ல இருக்க யுனீக் கட்டுப்பாடு. மாக் ரெப்பாசிட்டரி 'சேமிச்சாச்சு'ன்னு சொல்லும், ஏன்னா அப்படிச் சொல்லச் சொன்னது நீங்க. உங்க நெனப்பை உங்ககிட்டயே திருப்பிச் சொல்லுத டெஸ்ட் அது.

எஸ்க்யூலைட்ங்கிற சின்ன டேட்டாபேஸை மெமரியில ஓட்டினா ஆச்சுன்னும் நெனைக்காதீங்க. அதுல ஃபாரின் கீ சோதனை (ஒரு டேபிள் சுட்டுத வரி இன்னொரு டேபிள்ல இருக்கான்னு பாக்கிறது) சும்மா விட்டா அணைஞ்சுதான் இருக்கும், ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் தனியா ஏத்தணும். 'வார்கேர் 10', அதாவது 10 எழுத்துதான்னு போட்ட இடத்துல 200 எழுத்தையும் வாங்கிக்கிடும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வாங்காது. லைவ்ல எதுவோ டெஸ்ட்லயும் அதே.

மேலப்பாளையம்: ஆயிரம் டெஸ்ட்டுக்கு, டேட்டாபேஸ் ஓடுத கண்டெய்னரை (தனிப் பெட்டி மாதிரி ஓடுத மென்பொருளை) ஏத்தி இறக்குனா எப்ப முடியும்?

பதில்: கண்டெய்னரை ஒரு தடவைதான் ஏத்தணும். ஒவ்வொரு டெஸ்ட்டையும் ஒரு ட்ரான்சாக்‌ஷன்ல தொடங்கி, முடிவுல ரோல்பேக், அதாவது எழுதுனதை எழுதாத மாதிரி திருப்பிருங்க. கோட் தானே கமிட் பண்ணுச்சுன்னா (எழுதுனதை நிரந்தரமாக்குச்சுன்னா) சேவ்பாயின்ட், அதாவது நடுவுல திரும்பி வர ஒரு அடையாளம், வையுங்க. கமிட் நேரத்துல சோதிக்கும்படி தள்ளிவச்ச கட்டுப்பாடுகள் ரோல்பேக்ல எட்டிப் பாக்காது. அந்த டெஸ்ட்டுகளை மட்டும் நெசமா கமிட் பண்ணிட்டு டேபிளைத் துடைங்க.

மேலப்பாளையம்: அப்ப பில் கணக்குக்கும், 250 கிராம் விலைக்கும் டேட்டாபேஸா?

பதில்: அதுக்கு வேண்டாம், இதுல நீங்க சொல்லுதது சரி. கணக்கு ஃபங்ஷனுக்கு டேட்டாபேஸும் வேண்டாம், மாக்கும் வேண்டாம். ரெப்பாசிட்டரி தேவைப்படுத இடத்துல டிக்‌ஷனரி வச்சு ஒரு ஃபேக் எழுதுங்க, அதே பில் நம்பர் வந்தா அதுவும் மறுக்கணும். ஃபேக்கும் நெசமும் பிரிஞ்சு போகாம இருக்க, ஒரே டெஸ்ட் தொகுப்பை ரெண்டு மேலயும் ஓட்டுங்க. ஃபேக் மேல ஓட்டுறது நிமிஷத்துக்கு ஒருக்க, டேட்டாபேஸ் மேல ஓட்டுறது கோடைச் சேர்க்கிறதுக்கு முந்தி.

ராதாபுரம்: பேட்ச் போட்டும் ஒரிஜினல் ஃபங்ஷன் ஓடுது அண்ணாச்சி.

பதில்: மூணாவது ஆளு. மேல ரெண்டு பதில் இருக்கு, படிச்சுட்டு வாங்க.

கடையநல்லூர்: கவரேஜ் 100 சதவீதம் வேணுமா?

பதில்: அந்த வரி ஓடுச்சுன்னுதான் கவரேஜ் சொல்லும், யாராவது சரிபாத்தாங்களான்னு சொல்லாது. ஜாவாக்கு பிட்டெஸ்ட், பைத்தானுக்கு மியூட்மட் ஓட்டுங்க. கோடை உடைச்சுப் பாக்கச் சொல்லுதேனே, அதை அதுகளே செய்யும்.

சேரன்மகாதேவி: டெஸ்டிங் வேலைக்கு எந்த கோர்ஸ் நல்லது?

பதில்: அது நான் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. வேலைக்கு ஆள் எடுக்கிறவங்களைக் கேளுங்க.

நாங்குநேரி: ஜாவால மாக் வைக்கிற மாக்கிட்டோ 'அன்நெசசரி ஸ்டபிங்'னு எர்ரர் போடுது. 'லீனியன்ட்' போட்டா போயிருது. அப்படியே விடலாமா?

பதில்: விடாதீங்க. நீங்க சொல்லிவச்ச பதிலை யாருமே கேக்கலைன்னு அது சொல்லுது. கோட் அந்தப் பக்கமே போகலையா, இல்லை பழைய வரி மிச்சம் கிடக்கான்னு பாருங்க. எல்லா டெஸ்ட்டுக்கும் பொதுவா 'பிஃபோர் ஈச்'ல வச்ச ஸ்டப்னா, தேவைப்படுத டெஸ்ட்டுக்குள்ள மட்டும் எடுத்து வையுங்க. முந்தி பச்சையா இருந்த ரெண்டு மூணு டெஸ்ட் அப்ப சிவப்பாகலாம். அதுகளை முதல்ல பாருங்க.